ஹண்டர் 350-ஆ, ரோனினா? டெல்டாவில் வாங்குபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

வட்ட ஹெட்லைட், வெளியே தெரியும் எஞ்சின், நிமிர்ந்து உட்காரும் சீட் என்று ரெட்ரோ பைக் தேடுபவர்கள், ரொம்பச் செலவழிக்க வேண்டாம் என்று நினைத்தால் கடைசியில் இரண்டு பெயரில் வந்து நிற்பார்கள்: ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350, டிவிஎஸ் ரோனின். இரண்டுமே நம் மாநிலத் தயாரிப்பு. ஒன்று சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலை, இன்னொன்று ஓசூர். இரண்டும் 2022-ல் அடுத்தடுத்த மாதங்களில் வந்தன. விலையும் ஒன்றோடொன்று மோதும்படிதான் இருக்கிறது. அதனால்தான் குழப்பம்.

இணையத்தில் இருக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை பெருநகரத்து மேம்பாலத்திலும் மலைச்சாலையிலும் ஓட்டி எடுத்தவை. நம் பக்கம் மலை கிடையாது. ஏற்றம் என்றால் பாலத்து ஏற்றம்தான். அதற்குப் பதில் வாய்க்கால் கரை ரோடு, வீட்டுக்கு வீடு போட்ட வேகத்தடை, அறுவடைக் காலத்துச் சேறு, ஐப்பசி கார்த்திகை மழை, கடலோரத்து உப்புக் காற்று என்று வேறு சோதனைகள் இருக்கின்றன. எந்த பைக் நல்லது என்பதை உங்கள் ரோட்டில், உங்கள் பின்னால் உட்காரப்போகிற ஆளை ஏற்றிக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

ஷோரூம் போகும் முன் ஒரு வாரம் இப்போதிருக்கும் வண்டியில் எங்கெங்கே போகிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். எத்தனை கிலோமீட்டர், எந்த ரோடு, கூட யார், இரவில் வண்டி நிற்பது எங்கே. இவ்வளவு போதும்.

நீடாமங்கலத்திலிருந்து தினமும் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்வருபவருக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் தேசிய நெடுஞ்சாலை. திருத்துறைப்பூண்டி பக்கம் வயலும் ஊருமாகச் சுற்றுபவருக்கு நாளுக்கு இருபது கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் அதில் பாதி ஒற்றை வழிச் சாலை, எதிரே டிராக்டர் வந்தால் ஓரம் இறங்க வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பைக்கைச் சொல்ல முடியாது. வாரத்தில் நான்கு நாளாவது பின்சீட்டில் ஆள் இருந்தால் அதைத் தாளின் மேலே பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வரும் பல முடிவுகள் அதைப் பொறுத்தவை.

இரண்டாம் படி: வேரியண்ட்டைச் சரியாக வைத்து ஒப்பிடுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒன்றின் குறைந்த விலையையும் மற்றதன் மேல் வேரியண்ட்டின் வசதிகளையும் கலந்து பேசுவார்கள்.

ஹண்டர் வந்தபோது அதன் அடிப்படை வேரியண்ட்டில் கம்பிச் சக்கரம், டியூப் டயர், பின்னால் டிரம் பிரேக், ஒற்றைச் சேனல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ்; ஒற்றைச் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும், இரட்டை என்றால் இரண்டுக்கும்). அதற்கு மேலே இருந்த மெட்ரோவில் அலாய் சக்கரம், டியூப்லெஸ், பின்னாலும் டிஸ்க், இரட்டைச் சேனல் ஏபிஎஸ். ரோனினில் எல்லா வேரியண்ட்டிலும் அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் உண்டு. ஆனால் அதன் அடிப்படை வேரியண்ட்டில் ஏபிஎஸ் ஒற்றைச் சேனல்தான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் டியூப் டயர் வேண்டாம். சீமைக்கருவேல முள் குத்தாத கரை ரோடு நம் பக்கம் இல்லை. டியூப்லெஸ்ஸில் முள் அப்படியே இருக்க, காற்று மெல்ல இறங்கும். பஞ்சர் கடை வரை ஓட்டிப் போய்விடலாம். டியூப் என்றால் நின்ற இடத்திலிருந்து தள்ள வேண்டியதுதான், அதுவும் 175 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை. இரட்டைச் சேனல் ஏபிஎஸ்ஸையும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரோட்டில் காயப்போட்ட நெல்லும், மிதிபடப் பரப்பிய வைக்கோலும் வரும் மாதங்களில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி பக்கவாட்டில் ஓடிவிடும். காசு குறைக்க வேண்டுமானால் நிறத்தில் குறையுங்கள், ஆக்சசரீஸில் குறையுங்கள்.

இன்னொன்று, 2025 ஏப்ரலில் ஹண்டரில் சில மாற்றங்கள் வந்தன. பின் சஸ்பென்ஷனை மாற்றினார்கள், கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, 150-லிருந்து 160 மில்லிமீட்டர் ஆனது, கிளட்ச் பிடியை இலகுவாக்கும் ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச் வந்தது. அதற்கு முந்தைய ஹண்டரின் பின்பக்கம் கடினம் என்பது பரவலான குறை. செகண்ட் ஹேண்ட் பார்ப்பவர்கள் இந்த வருஷத்தைக் கவனித்தே பேரம் பேச வேண்டும்.

மூன்றாம் படி: எண்களைப் படிக்கும் முறை

இரண்டு பைக்கின் குதிரைத்திறனும் கிட்டத்தட்ட ஒன்று. ஹண்டர் 20.2 பிஎச்பி, ரோனின் 20.4 பிஎஸ், இரண்டு அளவும் சற்றே வேறு என்றாலும் வித்தியாசம் சொற்பம். அதை மட்டும் பார்த்தால், 349 சிசிக்கும் 225.9 சிசிக்கும் ஒரே சக்தி என்றால் 225-ஐயே வாங்கலாமே என்று தோன்றும். அந்தச் சக்தி எஞ்சினின் எந்தச் சுற்றில் வருகிறது என்பதுதான் விஷயம்.

ஹண்டரில் முழுச் சக்தி 6,100 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6,100 சுற்றில், கிடைக்கிறது. ரோனினில் 7,750-ல். இழுவை, அதாவது டார்க், ஹண்டரில் 4,000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர். ரோனினில் 3,750-ல் 19.93. காரணம் எஞ்சின் அமைப்பில் இருக்கிறது. ஹண்டரின் சிலிண்டர் 72 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் போய்வரும் தூரம் 85.8. நீள ஸ்ட்ரோக் எஞ்சின் நிதானமாகச் சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் பலமாகத் தள்ளும். ரோனினில் இரண்டு அளவும் 66. அது அதிகம் சுற்ற விரும்பும் எஞ்சின்.

இப்போது எடையைச் சேர்த்துப் பாருங்கள். ஹண்டர் 181 கிலோ, ரோனின் சுமார் 160. தனியாகப் போகும்போது இந்த 21 கிலோ வித்தியாசம் ரோனினுக்கு நன்றாகவே உதவும். இரண்டு பேர் சேர்ந்து 130 கிலோ என்று வையுங்கள். ஹண்டரில் மொத்தம் 311 கிலோவுக்கு 27 நியூட்டன் மீட்டர். ரோனினில் 290 கிலோவுக்கு 19.93. கிலோவுக்குக் கணக்கிட்டால் ஹண்டரின் இழுவை கால் பங்கு அதிகம். கியர் விகிதம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும், இருந்தாலும் திசை இதுதான். அதனால் ஜோடியாகப் போகும்போது ஹண்டர் டாப் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும். ரோனினில் ஓவர்டேக் பண்ண ஒரு கியர் இறக்க வேண்டி வரும். அதைச் சிலர் ரசிப்பார்கள், சிலருக்குச் சலிப்பு. இதைத் தாள் சொல்லாது, ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டிலும் ஐந்து கியர்தான். நெடுஞ்சாலையில் மணிக்கு 70, 80-ல் இரண்டும் சௌகரியம். நூறிலேயே நிலையாகப் போக வேண்டும் என்று நினைப்பவருக்கு இந்த இரண்டுமே சரிவராது. அவர் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்கைப் பார்க்க வேண்டும். அதன் வரிக்கணக்கு வேறு, கீழே வருகிறது.

மைலேஜ் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓட்டுபவர்கள் பொதுவாகச் சொல்வது ஹண்டர் லிட்டருக்கு 30 முதல் 35, ரோனின் 35 முதல் 40. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் நான்கு லிட்டர் போல வித்தியாசம் வரும், நானூறு ரூபாய் சொச்சம். இதற்காக மட்டும் பைக்கை மாற்றித் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. டேங்க் ஹண்டரில் 13 லிட்டர், ரோனினில் 14.

நான்காம் படி: ஷோரூமில் உட்கார்ந்து பாருங்கள்

சீட் உயரம் ஹண்டரில் 790 மில்லிமீட்டர் (2025-க்கு முன் 800), ரோனினில் 795. ஐந்தடி நான்கு அங்குலம் உள்ளவருக்கும் கால் ஊன்றும். ஆனால் ஷோரூம் டைல்ஸ் தரையில் ஊன்றுவது வேறு, கரை ரோட்டு ஓரத்தில் மண் சரிவில் ஊன்றுவது வேறு. செருப்பு போட்டுத்தான் ஓட்டுவீர்கள் என்றால் செருப்போடு போங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். உங்கள் வீட்டு வாசல் சாய்வில் தினமும் செய்யப்போகிற வேலை அது. ஹண்டரின் கூடுதல் எடை முதலில் உறைப்பது இங்கேதான்.

பின்சீட்டுக்கு வருவோம். இதை ஆண்கள் தாங்களாகவே முடிவு செய்வது தப்பு. வீட்டிலிருந்து வருபவரைக் கூட்டிப்போய், தினமும் உடுத்தும் புடவையிலோ சுடிதாரிலோ உட்காரச் சொல்லுங்கள். புடவையில் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் இரண்டு காலையும் இடது பக்கம் வைக்க வேண்டும். சாரி கார்டில் கால் பலகை இருக்கிறதா, அதன் உயரம் சரியா, கைப்பிடி எட்டுகிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். "ஏங்க, கால் தொங்குதுங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்குப் பத்து வீடியோவை விட மதிப்பு அதிகம். கைப்பிடியும், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பும் மோட்டார் வாகன விதிகளின்படி கட்டாயம் இருக்க வேண்டியவை. அழகு கெடுகிறது என்று கழற்றச் சொல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: டெஸ்ட் ரைடு

ஷோரூம்காரர்கள் "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க அண்ணே" என்று பைபாஸைக் காட்டுவார்கள். நல்ல தார் ரோட்டில் எந்த பைக்கும் நல்ல பைக்தான். முன்கூட்டியே போன் செய்து, அரை மணி நேரமாவது வேண்டும், பின்னால் ஆள் வருவார் என்று சொல்லி வையுங்கள். லைசென்ஸைக் கொண்டுபோங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே வழியில் ஓட்டினால்தான் ஒப்பீடு. நினைவை நம்பி ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டால் கடைசியாக ஓட்டியதே பிடித்துப்போகும்.

டயர் காற்றை முதலில் பாருங்கள். டெஸ்ட் வண்டிகளில் அது ஏறியோ இறங்கியோதான் இருக்கும். அதிகக் காற்று அடித்த வண்டி குதிக்கும், பழி சஸ்பென்ஷன் மேல் விழும்.

வழியில் ஒரு வாய்க்கால் பாலம் அவசியம் இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பாலங்களில் காங்கிரீட் அப்படியே நிற்கும், இரண்டு பக்கமும் போட்ட மண் இறங்கிவிடும். பாலம் முடியும் இடத்தில் ஒரு வெட்டு விழுந்திருக்கும். அங்கே இரண்டாவது கியரில், இருபத்தைந்து வேகத்தில், பின்னால் ஆளோடு ஏறி இறங்குங்கள். மூன்றைக் கவனியுங்கள். ஏறும்போது எஞ்சின் திணறி வெட்டுகிறதா. இறங்கும் வெட்டில் பின்பக்கம் "டொக்" என்று அடிக்கிறதா. அடித்தபிறகு வண்டி ஒரே அசைவில் அடங்குகிறதா, இரண்டு மூன்று முறை ஆடுகிறதா. ஹண்டரில் பின்னால் இரட்டை ஷாக், ஆறு நிலைகளில் இறுக்கலாம். ரோனினில் மோனோஷாக், அதாவது ஒற்றை ஷாக், ஏழு நிலை. இருவர் போகும்போது ஒன்றிரண்டு நிலை இறுக்கச் சொல்லி, அதே வெட்டில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் முதுகுக்கே தெரியும். ரோனினின் முன்பக்கத்துத் தலைகீழ் ஃபோர்க் குழியை நன்றாக உள்வாங்கும். 181 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் இருப்பதால் முரட்டு வேகத்தடையில் அடி தட்டுமோ என்ற பயமும் வேண்டாம். இந்தச் சோதனையில் என் ஓட்டு ரோனினுக்கே.

அடுத்து கூட்டம். கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றியோ தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கமோ பத்து நிமிடம் ஊர்ந்து போங்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தவர்களுக்கு எஞ்சின் சூடு என்றால் என்னவென்று தெரியும். சித்திரை வெயிலில் வலது கணுக்காலில் படும் அனலைக் கவனியுங்கள். ரோனினில் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே கிளட்சை விட்டால் மெதுவாக ஊர்ந்து போகும் வசதி இருக்கிறது. கோயில் திருவிழாக் கூட்டத்தில் அது பெரிய ஆறுதல்.

கடைசியாக நெடுஞ்சாலை. டாப் கியரில் ஐம்பதிலிருந்து எண்பது வரை, கியர் இறக்காமல், ஆளோடு இழுத்துப் பாருங்கள். பஸ்ஸைத் தாண்டும்போது தேவைப்படுவது இந்த வேகம்தான். இங்கே ஹண்டர் முன்னால் நிற்கும். எண்பதில் ஐந்து நிமிடம் நிலையாக ஓட்டி, கைப்பிடியிலும் கால் பலகையிலும் நடுக்கம் எவ்வளவு என்று பாருங்கள். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெளிவாகத் தெரிகிறதா என்பதும் முக்கியம். பின்னால் யாரும் வராத நீண்ட நேர்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து ஒருமுறை அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.

திரும்பி வந்ததும் பின்னால் உட்கார்ந்தவரிடம் முதலில் கேளுங்கள். உங்கள் கருத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டால் அவர் உங்களுக்காகத் தலையாட்டுவார்.

ஆறாம் படி: மழை, சேறு, உப்பு

சம்பா அறுவடையில் வயலிலிருந்து ஏறும் வண்டிகள் உதறிவிட்டுப் போகும் களிமண், பனி பட்டதும் வழுக்கும். அதில் எந்த டயரும் நிற்காது, வேகத்தைக் குறைத்தால்தான் வண்டி நிற்கும். இரண்டிலும் 17 அங்குலச் சக்கரம். பின் டயர் ஹண்டரில் 140 மில்லிமீட்டர் அகலம் (அலாய் வேரியண்ட்டில்), ரோனினில் 130. அகல டயர் நல்ல ரோட்டில் பிடிக்கும், சேற்றில் மிதக்கும். அதற்காக ஒன்றை விலக்க வேண்டியதில்லை. ரோனினின் மேல் வேரியண்ட்டில் ஏபிஎஸ்ஸுக்கு மழை நிலை தனியாக இருக்கிறது, அதை நான் உபயோகமானதாகவே கருதுகிறேன். மட்கார்டு நீளத்தையும் பாருங்கள். இந்த வகை பைக்குகளில் பின்னால் தெறிக்கும் சேறு நேரே பின்சீட்டு ஆளின் முதுகுக்குப் போகும்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் முதலில் போவது செயின், அப்புறம் மூடாத போல்ட் தலைகள், சைலன்சர் இணைப்பு. கம்பிச் சக்கரத்தில் ஸ்போக் நிப்பிளில் பச்சை பூக்கும். ஷோரூமில் புது வண்டியைப் பார்த்து இதைக் கணிக்க முடியாது. உங்கள் தெருவிலேயே இரண்டு வருஷம் ஓடிய ஹண்டரும் ரோனினும் எங்கே நிற்கின்றன என்று விசாரித்து, குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். உரிமையாளரே எல்லாக் கதையும் சொல்வார்.

ஏழாம் படி: சர்வீஸ்

டிவிஎஸ் சர்வீஸ் சின்ன ஊரிலும் கிடைக்கும். ஆனால் அங்கே அதிகம் வருவது மொபெட்டும் ஸ்கூட்டரும். ரோனினின் கிளட்ச் கேபிளும் பிரேக் பேடும் கையிருப்பில் இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள். "வரவழைச்சுத் தரேன் சார்" என்றால் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராயல் என்ஃபீல்டுக்கு ஊருக்கு ஒரு புல்லட் மெக்கானிக் இருக்கிறார் என்று நம்பியும் இறங்க வேண்டாம். பழைய புல்லட் வேறு, ஹண்டரின் ஜே சீரிஸ் எஞ்சின் வேறு. இரண்டு பைக்கிலும் ஃபியூவல் இஞ்செக்ஷன். கோளாறைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். மெக்கானிக்கிடம் அது இருக்கிறதா என்பதே கேள்வி. உத்தரவாதம் இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ்தான், அதனால் வீட்டிலிருந்து அது எத்தனை கிலோமீட்டர் என்பதை முதல் படியில் எழுதிய தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பணம்

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் 40 சதவீதம். ஹண்டர் 349 சிசி என்பதால் தப்பியது.

ஷோரூம் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஆன்ரோடு விலையைப் பிரித்து எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம். ஒன்றரை லட்சத்துக்கு 18,000 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாயும் வரியும் என்பது 2022-ல் நிர்ணயித்த தொகை. 350-ஐத் தாண்டினால் 15,117. சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை வெளியில் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருந்தால் அதை மறுபடி வாங்க வேண்டாம். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் என்ன வேலைக்கு என்று கேட்டு நீக்கச் சொல்லுங்கள்.

கடன் வாங்குபவர்கள் ஃப்ளாட் வட்டியா (கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி), குறையும் வட்டியா (மீதமுள்ள கடனுக்கு மட்டும் வட்டி) என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. ஒரு லட்சம், மூன்று வருஷம், பத்து சதவீதம் என்று வைத்தால், ஃப்ளாட்டில் வட்டி 30,000, மாதத் தவணை 3,611. குறையும் முறையில் வட்டி 16,000 சொச்சம், தவணை 3,227. இரண்டையும் "பத்து பர்சன்ட்" என்றே சொல்வார்கள்.

எது யாருக்கு

கரை ரோடும் ஊர் ரோடுமாகச் சுற்றுபவர், பெரும்பாலும் தனியாகப் போகிறவர், வண்டியைத் தள்ளி நிறுத்தச் சிரமப்படுகிறவர் ரோனினை வாங்கலாம். எடை, கிரவுண்ட் கிளியரன்ஸ், சஸ்பென்ஷன் மூன்றும் நம் ரோட்டுக்குப் பொருந்துகின்றன. தினமும் நெடுஞ்சாலை, வாரம்தோறும் ஜோடியாக வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாறுக்கோ போகிறவர், கியரை அடிக்கடி மாற்றப் பிடிக்காதவர் 2025-க்குப் பிந்தைய ஹண்டரை, அலாய் சக்கரத்தோடு, வாங்கலாம். அந்த நிதானமான இழுவை பழகிவிட்டால் வேறு எஞ்சின் பிடிக்காது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது என்றால் சர்வீஸ் சென்டர் எது பக்கமோ அதை எடுங்கள்.

கடைசிப் படி: வண்டி எடுக்கும் நாள்

பகலில் போங்கள். பதிவு செய்யும் முன்பே வண்டியைக் காட்டச் சொல்லி, சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் இன்வாய்ஸோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள். தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நின்ற வண்டி என்றால் பேட்டரியையும் டயரையும் பார்க்கச் சொல்லி, விலையிலும் குறைத்துக் கேட்கலாம். டேங்க் ஓரம், மட்கார்டு அடி, சைலன்சர் ஆகிய மூன்று இடத்திலும் கீறல் பார்க்க வேண்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், சார்ஜிங் போர்ட் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். வண்டியோடு ஹெல்மெட் தர வேண்டும் என்பது விதி. ஆனால் தினசரி உபயோகத்துக்கு ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட் இரண்டு தனியாக வாங்குங்கள், பின்சீட்டுக்கும் சேர்த்து. இரண்டு சாவி, காப்பீட்டுத் தாள், சர்வீஸ் புத்தகம் கையில் வந்தபிறகு புறப்படுங்கள். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வரை எஞ்சினை முறுக்காமல், ஒரே வேகத்திலும் வைக்காமல், ஏற்றி இறக்கி ஓட்டி, முதல் சர்வீஸை நாள் தள்ளாமல் செய்துவிடுங்கள்.